ஆந்தையின் குரலுக்குச் செவிசாய்ப்போம்

எமது கிராமங்களில் ஆந்தைக்கு இருக்கும் கெட்ட பெயர் வேறெந்தப் பறவைக்கும் இல்லை. காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று மகிழ்கிறோம். ஆந்தை அலறினாலோ வீட்டில் சாவு விழும் என்று நடுங்குகிறோம். ‘சாக்குருவி’ என்றே அதற்குப் பெயரும் சூட்டிவிட்டோம். கூரையில் வந்திருந்தால் கல்லெறிகிறோம். மரப்பொந்தில் குஞ்சு கண்டால் பையன்கள் இழுத்து வெளியே போடுவதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறோம். ஒரு குடும்பம் அழிந்துபோக வேண்டுமென்று சபிப்பவர்கூட ‘உன்ர வீட்டில ஆந்தை குடியிருக்க’ என்றுதான் சபிக்கிறார்.

இந்தச் சாபம் எமது மக்களுக்கு உண்மையாகவே பலித்தது என்பதுதான் வேதனை. 1990 முதல் 2009 வரை எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம்! விட்டுவந்த வீடுகளில் ஓடு போயிற்று, நிலை கதவு போயிற்று, சுவரைப் பிளந்து ஆலும் அரசும் முளைத்தன. ஆண்டுகள் பல கழித்துக் காணி விடுவிக்கப்பட்டதும் ஆவலோடு போய்ப் பார்த்தவர்களுக்கு, சாமியறை இருந்த இடத்தின் மேலே இரண்டு வட்டக் கண்கள் தெரிந்தன. இன்னும் சொந்த மண்ணைக் காணாத குடும்பங்களும் உள்ளன. அவர்களும் ஒருநாள் அப்படித்தான் காணக்கூடும். அந்த நேரத்தில் மனதில் எழும் கோபத்தை நாம் அறிவோம். எமது வீட்டைப் பாழாக்கியவன் யாரென்று கேட்டால் விரல் நீட்டுவதற்கு அங்கே வேறு ஒருவரும் இல்லை. ஆந்தை மட்டுந்தான் இருக்கிறது.

வன்னியில் மீளக்குடியேறிய ஒரு கிராமத்தில் தாயொருவர் எம்மிடம் உறுதியாகச் சொன்னார்: “சுவாமி, நாங்கள் வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் இராவும் உது பனையில இருந்து கத்தினது. தெரிஞ்சுதான் கத்தினது.”

“அதுக்கு முதல் மாசமும் கத்தியிருக்குமே அம்மா. அப்ப ஒண்டும் நடக்கேல்லையே?” என்று கேட்டோம்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப ஆர் சுவாமி கேட்டது?” என்றார்.

இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் பறவையியல் நூலும் தந்துவிடாது. ஆந்தை ஆண்டு முழுவதும் கத்துகிறது. தன் துணையை அழைக்கிறது, இது என் இடம் என்று அயல் ஆந்தைக்கு அறிவிக்கிறது. நன்றாக உறங்கும் காலத்தில் அது எம் காதில் விழுவதில்லை. நோயாளிக்கு அருகில் விழித்திருக்கும் இரவிலும், ஷெல் எப்போது விழுமென்று காத்திருக்கும் இரவிலும் மட்டும் கேட்கிறது. பிறகு நடந்த துன்பத்தோடு அந்தக் குரலை முடிச்சுப் போட்டு விடுகிறோம். இன்னொன்றையும் யோசிக்கலாம். நோயாளி கிடக்கும் வீட்டில்தானே விடிய விடிய விளக்கெரியும்? விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு ஆந்தை வரும்.

ஆந்தை பாழை உண்டாக்குவதில்லை. பாழைத் தேடி வருகிறது. அதற்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்து, கோபுரம், கூரைச் சந்து என்று ஆயத்தமான இடந்தான் வேண்டும். எமது மண்ணில் எத்தனை பழைய மரங்கள் பங்கருக்காகத் தறிக்கப்பட்டன, எத்தனை பனைகளின் தலையை ஷெல் கொண்டுபோனது என்பதை எல்லோரும் கண்டோம். பொந்துள்ள மரம் போனபின் அந்தப் பறவையும் இருப்பிடம் தேடி அலைந்து, ஆளில்லாத எமது வீட்டுக்குள் நுழைந்தது. அதுவும் ஒருவகையில் இடம்பெயர்ந்ததுதான். திருவிவிலியத்தின் 102ஆவது திருப்பாடலில் துன்பத்தில் வாடும் ஒருவர் தம்மையே பாழிடத்து ஆந்தைக்கு ஒப்பிட்டுப் புலம்புகிறார். அவர் ஆந்தையைச் சபிக்கவில்லை. தம் நிலையை அதனிடத்தில் காண்கிறார்.

இரவைக் கேட்பதற்கு எமது மக்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் வடக்கிற்கு வரும் பொருள்களில் பற்றரி தடைசெய்யப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ரோச் லைற் இல்லாமலே இருட்டில் நடந்து பழகினோம். விமானத்தின் இரைச்சலைக் கொண்டே அது என்ன விமானம் என்று சிறு பிள்ளைகளும் சொன்னார்கள். ஷெல் புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடையில் எத்தனை எண்ணலாம் என்பது தாய்மாருக்குத் தெரிந்திருந்தது. வயல்வெளியில் ஆட்காட்டி கத்தினால் யாரோ நடமாடுகிறார்கள் என்று மூச்சையடக்கிப் படுத்தோம். இப்படிக் கூர்மையான காதுகள் இன்று சும்மா கிடக்கின்றன. இரவென்றால் பயம் என்ற பழக்கம் மட்டும் மிஞ்சி, பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது. அந்தக் காதுகளை வேறொன்றுக்குப் பழக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

1995ஆம் ஆண்டை எம்மில் எவரும் மறக்கமாட்டோம். அந்த ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து தெருவில் நின்றது. அதே ஆண்டில், இந்தத் தீவின் மறுபக்கத்தில், கித்துல்கல மழைக்காட்டில் தீபால் வரக்காகொட என்ற பறவையியலாளர் ஒரு புதிய குரலைக் கேட்டார். மென்மையான, ஒற்றையான ஒரு கூவல். இலங்கையில் அறியப்பட்ட எந்த ஆந்தையின் குரலோடும் அது பொருந்தவில்லை. அவர் விடவில்லை. ஆறு ஆண்டுகள் அந்தக் குரலுக்குப் பின்னால் திரிந்து, 2001 சனவரியில் சிங்கராஜ வனத்தில் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டார். செம்மண் நிறத்தில், ஒரு சாண் அளவேயான சிறிய ஆந்தை. 2004இல் அது உலகத்துக்கே புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868இற்குப் பின் இலங்கையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதற் பறவை அதுதான். இவ்வளவு காலமும் எவர் கண்ணிலும் படாத ஒன்றைக் காது கண்டுபிடித்தது. அந்த ஆண்டில் நாம் கேட்டவை வேறு.

இனி எமது ஊர்களில் கேட்கக்கூடிய குரல்களுக்கு வருவோம். கூரையிலும் கோபுரத்திலும் வாழ்வது பறவை நூல்கள் கூகை என்று சொல்லும் ஆந்தை. முகம் வெள்ளை; பலா இலையை இரண்டாக மடித்து வெட்டி விரித்ததுபோல இதய வடிவம். வயிறும் வெளிறியது. இருட்டில் தலைக்குமேல் சத்தமில்லாமல் பறந்தால் வெள்ளைத் துணி ஒன்று மிதப்பதுபோலத் தெரியும். எமது பேய்க்கதைகளில் பாதிக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம். இது கூவுவதில்லை, தொண்டை கிழிய நீளமாகக் கிறீச்சிடும். குஞ்சுகளோ யாரோ குறட்டை விடுவதுபோலச் சீறிக்கொண்டேயிருக்கும். ஆளில்லா வீட்டுக் கூரைக்குள்ளிருந்து நடுச்சாமத்தில் குறட்டை கேட்டால் எவருக்குத்தான் நெஞ்சு பதறாது? பசித்த குஞ்சுகள் தாயிடம் இரை கேட்கும் சத்தம் அது.

வளவுக்குள் மாமரத்திலோ புளியிலோ இருந்து, தவளை கத்துவதுபோல ‘வொட்’ என்று ஒரு சொல்லைக் கேள்வி கேட்பதுபோலச் சொல்லி, சிறிது இடைவெளி விட்டு மீண்டும் சொல்வது இன்னொன்று. காதுபோல இரண்டு இறகுக் குடுமி வைத்த சிறிய ஆந்தை. 1769இல் ஐரோப்பிய அறிஞர் பெனன்ற் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது, ஆந்தையைக் குறிக்கும் ‘பகமூணா’ என்ற சிங்களச் சொல்லையே அதில் சேர்த்தார். பொழுதுபட்டு மைம்மல் நேரத்தில் ‘ஊ... உக், ஊ... உக்’ என்று இரண்டிரண்டாகப் பத்துப் பதினைந்து தடவை ஒரே சீராகக் கூவுவது பருந்துச் சாயலுள்ள வேட்டைக்கார ஆந்தை. குளத்து அலைகரையில் பெரிய மருத மரங்கள் தப்பியிருந்தால், ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ‘பூம், பூம்’ என்ற குரல் கேட்கும். அது மீனும் நண்டும் தவளையும் பிடிக்கும் பெரிய ஆந்தை. ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்லும்.

இந்திய முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருக்கலாம். அங்கே மாலையானதும் சோடி சோடியாகக் கீச்சிட்டுச் சண்டை பிடிக்கும் புள்ளி ஆந்தையை இங்கே காணமுடியாது. தமிழ்நாடு முழுவதும் சாதாரணமாக உள்ள அந்தப் பறவை, பாக்கு நீரிணையின் முப்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டி இலங்கையில் குடியேறவேயில்லை. வள்ளத்தில் கடந்த எமது மக்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

ஆந்தையைப் பார்க்க விரும்பினால் முதலில் பகலில் தேடுங்கள். காகங்களும் கொண்டைக்குருவிகளும் ஒரு மரத்தைச் சூழ்ந்து ஓயாமல் கத்தினால், நடுவில் ஓர் ஆந்தை கண்ணை மூடிக்கொண்டு சகித்திருக்கும். பகலில் காகம் கூகையை வெல்லும் என்பதை வள்ளுவர் 481ஆம் குறளில் எடுத்தாண்டது போர்த்தந்திரத்தை விளக்குவதற்கு. எமக்கு அது நல்ல துப்பு. மரத்தின் கீழும் பாருங்கள். ஆந்தை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரியாத மயிரையும் எலும்பையும் பெருவிரல் அளவு உருண்டையாகக் கக்கிவிடும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் தடியால் பிரித்தால் எலித் தலையோடுகள் தனித்தனியே வரும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விஞ்ஞான பாடம் இல்லை. (கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.)

பிறகு இரவில், மழையும் காற்றும் இல்லாத நாளில், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு முற்றத்தில் பாயை விரித்து உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலமாவது ஆகும். காது அதற்கு முன்பே விழித்துவிடும். ரோச் லைற்றை நேரே கண்ணில் அடிக்க வேண்டாம். கண்ணாடியில் சிவப்புக் கடதாசி கட்டினால் போதும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணிக்குள்ளும், யானை நடமாடும் காட்டோரத்திலும் எந்த ஆந்தைக்காகவும் கால் வைக்க வேண்டாம். முற்றமே போதும். சேட்டமாக இருந்து கேட்கும் குடும்பத்துக்குக் குரல் தானாக வரும்.

அந்தப் பறவை கேட்கும் விதத்தை அறிந்தால் நாம் கேட்பது ஒன்றுமேயில்லை என்று தோன்றும். கூகையின் முகம் சுளகுபோல ஓசையைக் கூட்டி அள்ளிக் காதுக்குள் விடுகிறது. காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஆகவே ஓசை இடமா வலமா என்பதோடு, மேலா கீழா என்பதும் அதற்குத் தெரியும். பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்து புகழ்பெற்ற றோஜர் பெய்ன் என்ற அமெரிக்கர், முதலில் கூகையைத்தான் ஆராய்ந்தார். சிறிதும் ஒளியில்லாத அறையில் சருகைப் பரப்பி, கடதாசி உருண்டையை நூலில் கட்டி இழுத்தார். கூகை பறந்து வந்து அந்தக் கடதாசியையே பற்றியது. மணமும் இல்லை, சூடும் இல்லை, பார்வையும் இல்லை. சருகின் சலசலப்பு மட்டுமே. அதன் சிறகோரம் சீப்புப் பல்லுப்போல நுண்ணிய இழைகளாக இருப்பதால், வருவது எலிக்குக் கேட்காது.

கமக்காரருக்கு வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது. காலபோகத்தில் பயிர் குடலைப் பருவத்துக்கு வரும்போது அகழான் ஒரே இரவில் வயல் நடுவில் வட்டமாக அறுத்துப் போடுவதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். கடன் பட்டு விதைத்தவருக்கு அந்த வட்டம் எத்தனை மூடை என்று கணக்குத் தெரியும். எலியால் வரும் கேடு நெல்லோடு முடிவதுமில்லை. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலரின் உயிரைக் குடித்தது. வளர்ந்த கூகை ஒன்று இரவுக்கு இரண்டு மூன்று எலியாவது பிடிக்கும். குஞ்சுள்ள காலத்தில் விடியும்வரை ஓயாமல் இரை காவும். நஞ்சுக்குக் காசு, பொறிக்குக் காசு. இதற்குக் கூலியில்லை.

முன்னோர் இதை அறியாதவர்களல்லர். நற்றிணையின் 83ஆம் பாட்டில் தோழி ஊர் வாயில் முதுமரத்துக் கூகையைப் பார்த்துக் கெஞ்சுகிறாள். தலைவன் வரும் வேளையில் கத்திப் பயமுறுத்தாதே, உனக்கு இறைச்சியும் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருவோம் என்கிறாள். கூகைக்கு எதைக் கொடுத்தால் பிடிக்கும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது. அவளும் அதன் குரலுக்குப் பயந்தாள். ஆனால் கல்லெறியவில்லை, உணவு தருவதாகப் பேரம் பேசினாள்.

மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் 1980கள் முதல் கம்பங்களில் பெட்டி பொருத்திக் கூகையைக் குடியேற்றினார்கள். இஸ்ரேல் விவசாயிகளும் அந்தக் காலத்திலேயே பெட்டி வைத்தார்கள். ஆனால் அங்கே ஒரு சிக்கல். ஒரு பக்கம் பெட்டியில் வளர்ந்த கூகை எல்லை தாண்டிப் போய், அடுத்த நாட்டில் நஞ்சு தின்ற எலியைத் தின்று சாகும். ஆகவே 2002இல் ஜோர்தான், பாலஸ்தீன விவசாயிகளையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். ஜோர்தான் விவசாயிகளும் எம்மைப்போலவே ஆந்தை அபசகுனம் என்று நம்பியவர்கள். பெட்டியைத் தொடவே தயங்கினர். எலி குறைவதைக் கண்டபின் மனம் மாறியவர்கள் பலர். போரிட்ட நாடுகளின் விவசாயிகளை ஒரு மேசையில் இருத்த இந்தப் பறவையால் முடிந்தது என்பது எமக்கு ஆறுதலான செய்தி. அந்த மண்ணில் அதன் பின்னும் எவ்வளவு இரத்தம் சிந்தியது என்பதும் தெரியும்.

ஆந்தை வந்தால் எலி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரை நம்பவும் வேண்டாம். எலி பெருகும் வேகத்துக்கு ஆந்தை மட்டும் ஈடுகொடாது. வரம்பை மெலிதாக வைத்துப் புல்லைச் செருக்குவது, வயலவர் எல்லோரும் ஒரே கிழமையில் விதைப்பது, வளையை வெட்டிப் பிடிப்பது, சாரைப்பாம்பை அடிக்காமல் விடுவது எல்லாம் சேர்ந்துதான் பலன் தரும். வயலில் ஆங்காங்கே குறுக்குத் தடி கட்டிய கம்போ தென்னம் மட்டையோ நட்டுவிட்டால் ஆந்தை அதிலிருந்து வேட்டையாடும். கதிர் முற்றும் முன் அதைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் நெல்லுத் தின்னும் குருவிக்கும் அதுவே இருக்கை. ஆனால் எலி நஞ்சையும் ஆந்தையையும் ஒரே வயலில் வைத்திருக்க முடியாது. நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு முதலில் அகப்படுவது அதுதான். வேறு வழியின்றி நஞ்சு வைத்தவர்கள் செத்த எலிகளைக் காலையிலேயே பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும்.

கூரை வேய ஆயத்தமாகும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே கூகை இருந்தால் முதலில் குஞ்சு உண்டா என்று பாருங்கள். கூகை முட்டைகளை ஒரே நாளில் இடாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். ஆகவே ஒரே கூட்டில் பெரிதும் சிறிதுமாகப் பல பருவத்துக் குஞ்சுகள் இருக்கும். ஒரு குஞ்சு பொரித்துப் பறக்க இரண்டு மாதம் செல்லும். முடியுமானால் அந்த ஒரு மூலையை அதுவரை விட்டு மற்றப் பக்கத்து வேலையைச் செய்யுங்கள். அதற்கிடையில் உடைந்த பலகைகளைக் கொண்டு ஒரு பெட்டி அடிக்கலாம். நீளமும் உயரமும் இரண்டடிக்குக் குறையாமல், அகலம் ஒன்றரை அடி, வாசல் ஐந்தாறு அங்குலம். வாசலை மேற்பக்கமாக வையுங்கள், கீழே வைத்தால் குஞ்சு தவறி விழும். வளவு மூலையில் நிற்கும் மரத்தில் பத்துப் பன்னிரண்டடிக்கு மேலே, மழைச்சாரல் அடிக்காத பக்கம் பார்த்துக் கட்டிவிட்டு, குஞ்சுகள் பறந்தபின் ஓட்டைப் போடுங்கள். பெட்டிக்குள் அது வர ஒரு வருடம் ஆனாலும் ஆகும்.